மலைமேல் பெய்த மழை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் வீடுகளுக்கு விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். அவர்களை ஐந்தருவிக்கு அழைத்துச் செல்கிறோம். தென்காசியில் சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளிலும் அங்கே தண்ணீர் கொட்டுவதைக் கண்டு அவர்கள் வியப்பார்கள். நமக்கு அது வியப்பன்று. மழை மலைமேல் பெய்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு மலை உண்டு. அதுவே எலும்பு மஜ்ஜை. ஒரே நீர் பாறையில் ஐந்தாகப் பிரிவது போல, மஜ்ஜையிலுள்ள தாய் அணுக்களிலிருந்தே சிவப்பணு, வெள்ளையணு, இரத்தத் தட்டு யாவும் பிரிகின்றன. நோயை எதிர்க்கும் நிணநீர் அணுக்களும் அங்கே தோன்றுபவையே. அவற்றுள் ‘டி’ அணுக்கள் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. ‘பி’ அணுக்கள் மஜ்ஜையில் உருவாகி, மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் காவலுக்குச் செல்கின்றன.

இடது விலாவின் அடியில் இருக்கும் மண்ணீரல், நம் புளியரைச் சோதனைச் சாவடியைப் போன்றது. இரத்தத்தில் வரும் கிருமி அங்கே பிடிபட்டதும் ‘பி’ அணுக்கள் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. மண்ணீரலை இழந்தவர்களுக்குச் சில தடுப்பூசிகள் கட்டாயம் தேவை என மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நோய் தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது? மார்க் ஸ்லிஃப்காவும், இந்தியாவில் பிறந்த ரஃபி அகமதுவும் எலிகளில் செய்த ஆய்வை 1995இல் வெளியிட்டனர். முதல் நாட்களில் எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்கள் மண்ணீரலில் மிகுந்திருந்தன. பின்னர் அவற்றில் பெரும்பகுதி மஜ்ஜையில் இருந்தது. அங்கிருந்தே நெடுங்காலம் எதிர்ப்பொருள் சுரந்தது. 1918ஆம் ஆண்டின் கொடிய சளிக்காய்ச்சலைக் குழந்தைப் பருவத்தில் கண்ட முதியவர்களின் அணுக்கள், 90 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கிருமியை மறக்கவில்லை என்று 2008இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

தடுப்பூசி என்பது நோயின்றியே அந்த மலையில் மழை பெய்விப்பது. ஆயினும் எல்லா மழையும் ஒரே காலம் நிற்பதில்லை. தட்டம்மைக்கான எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஆயுள் முழுதும் நிலைக்கும். ரணஜன்னிக்கானது சுமார் 11 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். 10 வயதிலும் 16 வயதிலும் நமக்கு மீண்டும் ஊசி போடுவது இதற்காகவே.

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வந்தபோது, கைப்பேசியில் பரவிய வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தனர். ரூபெல்லா சிறுமிக்குச் சிறு காய்ச்சல்தான். ஆனால் கருவுற்ற தொடக்க மாதங்களில் வந்தால் குழந்தையின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் கெடுத்துவிடும். இன்று மறுக்கும் ஊசியின் விலையை நாளை பிறக்கும் பிள்ளை கொடுக்க நேரலாம்.

பெற்றோரே, ஐயம் எழுவது தவறன்று. அதை வதந்தியிடம் கேளாமல் மருத்துவரிடம் கேளுங்கள். தோழியரே, ஊசி போடும் நாளில் மட்டும் வரும் வயிற்றுவலியை நாம் விட்டொழிப்போம். ஒரு நிமிட வலிக்குப் பல்லாண்டுக் காவல் கிடைக்கிறது. கை நீட்டத் தயங்கலாமா?