பழைய விளக்கு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது

ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதையொட்டியும், தீபாவளிச் சரக்குக்கு லேபிள் அச்சாகும் நாள்களிலும், மேசைமேல் பொருளை வைத்துப் படமெடுக்கும் வேலைக்கு நம் பகுதியில் குறைவிருக்காது. தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் இந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். விளக்கு வாங்கக் காசில்லை என்று அவர்கள் தயங்கத் தேவையில்லை. வீடியோவுக்காக எல்.இ.டி.க்கு மாறும் ஸ்டுடியோக்கள் கைமாற்றிவிடும் பழைய ஃப்ளாஷ் ஒன்றே தொடங்கப் போதும்.

வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்பதுதான். பட்டாசுப் பெட்டி அசையாது. கேமரா முக்காலியில் நிற்கிறது. மேசை வேலைக்கு 200, 300 வாட்-செகண்ட் தாராளம். போதாவிட்டால் விளக்கை நெருக்கி வைக்கலாம்: நான்கு அடியில் இருப்பதை இரண்டு அடிக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் விழும். நமக்கு முதலில் வேண்டியது சீரான ஒளி. இன்று எடுத்த பெட்டியும் நாளை எடுக்கும் பெட்டியும் ஒரே விலைப்பட்டியலில் அடுத்தடுத்து அச்சாகும். ஒன்றின் சிவப்பு அடர்ந்தும் மற்றதன் சிவப்பு வெளிறியும் இருந்தால், ப்ரூஃப் வந்ததும் அச்சக மேலாளர் கண்ணுக்கு அது தப்பாது.

ஆகவே சோதனையும் அதற்கேற்றதாக இருக்கட்டும். கேமராவை மேனுவலில் வையுங்கள். ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். ஒரு சாம்பல் நிற அட்டையை நிறுத்தி, பவரை மாற்றாமல் பத்துப் படம் எடுங்கள். பத்தையும் வரிசையாகப் பாருங்கள். வெளிச்சம் ஏறி இறங்கினாலோ நிறம் மாறினாலோ அந்த விளக்கை விட்டுவிடுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியை வையுங்கள். பெட்டி அட்டைகளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பதுண்டு. ஃப்ளாஷ் குழலுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லையென்றால் அந்த வெள்ளை நீலம் பூத்துத் தெரியும். குழலின் முனைகள் கறுத்திருக்கின்றனவா, விரிசல் உண்டா என்றும் பாருங்கள்.

மின்சாரத்தில் விளையாட்டு கூடாது. ஃப்ளாஷுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரை எடுக்கும், நீங்களாகத் திறக்காதீர்கள். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த விளக்கை எடுத்தவுடன் முழு பவரில் அடிக்காதீர்கள். குறைந்த பவரில் அரைமணி நேரம் விட்டு, மெல்ல மெல்ல ஏற்றுங்கள். எர்த் உள்ள மூன்று முள் ப்ளக் கட்டாயம். சில பழைய விளக்குகளின் சிங்க் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். வயரில் இணைத்தால் இன்றைய கேமரா பாழாகிவிடலாம். ஸ்லேவ் செல் இருந்தால், கேமராவில் ஒரு சின்ன ஃப்ளாஷை வைத்து அதன் வெளிச்சத்தால் இயக்குவதே பாதுகாப்பு.

பெயரை நம்பியும் வாங்க வேண்டாம். இங்கிலாந்தின் போவன்ஸ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. அதன் எஸ் மவுண்ட்டைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால், பழைய போவன்ஸ் சாஃப்ட் பாக்ஸை இன்றைய கோடாக்ஸிலும் மாட்டலாம். ஆனால் விளக்கே பழுதானால் உதிரி தேடி அலைய நேரும். ஆகவே மவுண்ட்டையும், குழல் மாற்ற வழியுண்டா என்பதையும் விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு விதி உண்டு. மருந்து அடைத்த பட்டாசை விளக்குக்கு முன் வைக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் ஹாலஜன் விளக்கை நாடுகிறார்கள். அந்த பல்பின் கண்ணாடி 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் ஹாலஜன் சுழற்சியே நடக்கும். ஃப்ளாஷிலும் மாடலிங் விளக்கு சுடும். சுவிட்சில் பொறி பறக்கும். வெறும் பெட்டியையும் மருந்து இடாத காகிதக் குழாயையும் கேட்டு வாங்கிப் படமெடுங்கள். ஆலைக்குள் வந்து எடுத்துத் தரச் சொன்னால், மருந்துக் கலவை அறைப் பக்கம் விளக்கைக் கொண்டுபோக மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இந்த மண்ணில் வெடிவிபத்து எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்பதை நாம் அறிவோம். எந்த ஆர்டரும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

விற்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளக்கின் வயது, குழல் எப்போது மாற்றியது, பழுது பார்த்தது எங்கே ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்துப் படச் சோதனையை உங்கள் கண்ணெதிரிலேயே செய்துபார்க்க விடுங்கள். வாங்கும் இளைஞரும் இரண்டாவது விளக்குக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு விளக்கும் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையும் கொண்டு, பளபளக்கும் ஃபாயில் பெட்டியில் எழுத்து மறையாமல் எடுக்கப் பழகட்டும். அது கைவந்தவருக்கு, அடுத்த விளக்குக்கான பணத்தை அந்த வேலையே கொடுக்கும்.