நூறு யூனிட் யாருடைய சொத்து?

2023 மே மாதம் ஆவூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்.

"அண்ணே, ஒரு ஃப்ரிட்ஜு, ரெண்டு ஃபேனு, ஒரு டிவி. பகல்ல வீட்டுல ஆளே இல்ல. கரண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு கேக்குறாங்கண்ணே. மீட்டர்ல கோளாறு இருக்குமா?"

தம்பிக்குப் புதுக் கல்யாணம். மாத்தூர் பக்கம் கம்பெனி வேலை. ஆவூரில் லைன் வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று வீடுகள் வரிசையாக. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்ன சப்-மீட்டர். மூன்றுக்கும் சேர்த்து மின்வாரியத்தின் மீட்டர் ஒன்றே ஒன்று, வீட்டுக்காரர் பெயரில்.

தம்பி வீட்டு சப்-மீட்டரில் 200 யூனிட். மீட்டரில் கோளாறு இல்லை. யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வீட்டுக்காரர் வைத்த விலையில்தான் இருந்தது கோளாறு.

தோழர்களே, கொஞ்சம் கணக்குப் போடுவோம். நம் பிள்ளைகள் கணக்கில் ஏமாறுவதில்தான் பல பேர் மாடி கட்டுகிறார்கள்.

2016 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணப்படி, அதற்கு மேல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகையே போய்விடும். 101-வது யூனிட்டிலிருந்தே 4.50 போட்டு, 501 முதல் 600 வரை 8 ரூபாய் வாங்குவார்கள். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் ஏறுகிறது.

தம்பிக்குத் தனி மீட்டர் இருந்திருந்தால் 200 யூனிட்டுக்கு என்ன வரும்? 225 ரூபாய். அவர் கொடுத்தது 1,800. வித்தியாசம் 1,575. வருடத்துக்கு ஆறு பில். 9,450 ரூபாய்.

மூன்று வீட்டிலும் இதே 200 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி மீட்டராக இருந்தால் மொத்தம் 675 ரூபாய். ஒரே மீட்டரில் 600 யூனிட்டாகச் சேர்ந்து ஓடுவதால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 2,750. வீட்டுக்காரர் வசூலிப்பது 5,400. கையில் நிற்பது 2,650. மூன்று குடும்பத்துக்கு 300 யூனிட் இலவசம் வர வேண்டிய இடத்தில் 100 யூனிட்தான் வருகிறது, அதுவும் வீட்டுக்காரர் கணக்கில். மீதி 200 யூனிட் அரசுக்கு மிச்சம். இழந்தது குடியிருப்பவர்கள் மட்டும்தான். 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் 4.83 விழுக்காடு ஏறியது. அடுக்கு முறை மாறவில்லை, இந்தக் கொள்ளையும் மாறவில்லை.

"இதில் சாதி எங்கே வந்தது? எல்லா வாடகைக்காரருக்கும் இதே கதைதானே?" என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் இதே கதைதான். ஆனால் பிற சாதிக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போவார். நம் தம்பி அங்கு வருவதற்கு முன் ஐந்து வீடு பார்த்திருக்கிறார். நான்கு வீட்டில் "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். பதில் சொன்னதும் "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி" என்றார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதனால் தம்பிக்கு அவர் நல்ல மனுசன். "அவர்கிட்டப் போய் எப்படிண்ணே ஒம்பது ரூபாயப் பத்திக் கேக்குறது?" என்றார்.

சாதி இங்கேதான் இருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் நம்மை நன்றி சொல்ல வைக்கிறது. நான்கு கதவு மூடியதற்கான விலையை ஐந்தாவது வீட்டின் கரண்ட் பில்லில் கட்டுகிறோம்.

1917-இல் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். அங்கே மின்விளக்கு இல்லை, இரவில் ஒரு சின்ன அரிக்கேன் விளக்குதான் என்று எழுதிவைத்திருக்கிறார். பதினோராம் நாள் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. நூறு ஆண்டு கடந்துவிட்டது. நமக்கு விளக்கு வந்துவிட்டது. "நீ யார்?" என்ற கேள்வி போகவில்லை.

நம் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். உலகமே பார்த்தது. பில்லில் கலப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு நாற்றம் கிடையாது.

மானியங்களின் வரலாற்றையே எடுத்துப் பாருங்கள். 1990 முதல் விவசாய பம்ப்செட்டுக்கு முழு இலவச மின்சாரம். நல்ல திட்டம், எதிர்க்கவில்லை. ஆனால் கிணறும் நிலமும் இருந்தவருக்குத்தான் அது போனது. அந்த நிலத்தில் கூலிக்கு நின்ற நம் தாத்தாவுக்கு எது இலவசம்? 100 யூனிட்டும் அதே வழியில்தான் போகிறது. அரசு மீட்டரைப் பார்த்துக் கொடுக்கிறது. மீட்டர் சொத்துக்காரரிடம் இருக்கிறது. சொத்து இல்லாதவர் அந்தச் சொத்துக்காரரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2019-இல் டெல்லி அரசு வாடகைக்காரர்களுக்கென்றே ப்ரீபெய்ட் மீட்டர் திட்டம் கொண்டுவந்தது, வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேண்டாம் என்று சொல்லி. 2023-இல் கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டம் வாடகை வீட்டில் இருப்பவரையும் பயனாளியாகச் சேர்த்தது. சமூக நீதி பேசும் தமிழ்நாட்டால் ஏன் முடியாது?

வீட்டுக்காரர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 600 யூனிட் ஓடினால் அவரும் 2,750 கட்டத்தான் வேண்டும். சரி. அதை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 917 ரூபாய். 1,800 எங்கிருந்து வந்தது? மூன்று குடித்தனம் வைத்து மூன்று வாடகை வாங்கத் தெரிந்தவருக்கு மூன்று இணைப்புக்கு விண்ணப்பிக்கத் தெரியாதா?

இனி, வாடகை வீட்டுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு.

குடிபோகும் அன்றே வாரிய மீட்டர், சப்-மீட்டர் இரண்டின் ரீடிங்கையும் தேதியோடு போட்டோ எடுங்கள். இல்லையென்றால் முன்பு இருந்தவர் ஓட்டியதும் உங்கள் தலையில் விழும். மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாரியம் போட்ட உண்மையான பில் எவ்வளவு, பழைய பாக்கியோ கூடுதல் வைப்புத்தொகையோ அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வைப்புத்தொகை இணைப்பு வைத்திருப்பவர் பெயரில் நிற்கும் பணம், அதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. மோட்டாரும் வாசல் விளக்கும் உங்கள் சப்-மீட்டரில் ஓடுகிறதா என்று சோதிக்க, உள்ளே எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் நகர்கிறதா என்று பார்த்தால் போதும்.

தனி இணைப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி, வீட்டுக்காரர் சம்மதம் தர மறுத்தாலும், குடியிருப்புக்கான சான்றும் உறுதிப் பத்திரமும் கொடுத்து, இரண்டு மடங்கு வைப்புத்தொகை கட்டி விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்று மின்சாரத்தை மறுக்கக் கூடாது என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. இ.பி. ஆபீஸில் அலையவிட்டால் மின்னகம் 94987 94987-இல் புகாரைப் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. தீண்டாமை காரணமாக வீடு மறுப்பது 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆவூர் தம்பி என்ன செய்தார்? முதலில் தயங்கினார். "காலி பண்ணச் சொல்லிட்டா எங்கண்ணே போறது?" அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த பில் வந்தபோது மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து போனார்கள். மற்ற இருவரும் நம் ஆட்கள் இல்லை. ஆனால் கொள்ளை மூன்று பேருக்கும் பொது. கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். வீட்டுக்காரர் முதலில் கத்தினார், பிறகு வாரிய பில்லை மூன்றாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். 1,800 என்பது 900 சொச்சமாகக் குறைந்தது. 225 ஆகவில்லை. மீட்டர் இன்னும் ஒன்றுதான்.

பாதிதான் வென்றிருக்கிறோம். மீதிப் பாதி அரசிடம் இருக்கிறது. 100 யூனிட்டை மீட்டருக்குக் கொடுக்காதே, குடும்பத்துக்குக் கொடு. வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கொடு. இதைக் கோரிக்கையாக எழுதிக் கிராம சபையில் வையுங்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை மனுநாளில் கொடுங்கள். உங்கள் பில்லையும் அதோடு இணையுங்கள்.

கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் படிப்பதும் போராட்டம்தான்.

ஜெய் பீம்.