தைலத்துக்கு அடங்காத வலி

மாணவர்களே! தூத்துக்குடிக்கு வடக்கே மாப்பிள்ளையூரணியிலோ அருகிலுள்ள திரேஸ்புரத்திலோ வசிப்பவராயின், சங்கு குளிக்கும் தொழிலாளர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கரையேறிய சில மணி நேரத்தில் தோளிலோ முழங்கையிலோ முழங்காலிலோ குடைச்சல் எடுத்தால், 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுபவர் உண்டு. வாயு என்பதில் தவறில்லை. உண்மையில் அது வாயுதான்! ஆனால் தைலத்துக்கு அடங்கும் வாயு அன்று.

இந்தக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அன்று குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார்கள். அவர்களுடன் கீழே சென்றது ஒரு மூச்சுக் காற்று மட்டுமே. இன்று சங்கு குளிப்பவர்களோ, படகிலுள்ள கம்ப்ரசர் குழாய் வழியே அனுப்பும் காற்றைச் சுவாசித்தபடி நெடுநேரம் அடியிலேயே இருக்கிறார்கள். வேறுபாடு இங்கேதான்.

பத்துப் பாகம் ஆழம் என்பது ஏறத்தாழ 18 மீட்டர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே அங்கே மொத்தம் 2.8 மடங்கு அழுத்தம். சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்று ஹென்றி 1803இல் கண்டார். பிராணவாயுவை உடல் செலவழித்துவிடும். நைட்ரஜனால் உடலுக்கு யாதொரு பயனுமில்லை. அது இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கும். மெதுவாக மேலேறினால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால்? கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் என்ன நிகழ்கிறது? அதே நுரை, மூட்டுக்குள்!

இதைத் தடுக்கும் முறையை ஜே. எஸ். ஹால்டேன் 1908இல் வெளியிட்டார். ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து, பின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். வலி கண்ட ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. (இவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியல் மேதை.) ஆழத்திலிருந்து ஒரேயடியாக வராமல் இடையிடையே நின்று நின்று ஏறவேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

'காலையில் பார்த்துக்கொள்வோம்' என்ற பேச்சைத்தான் நான் கண்டிக்கிறேன். இந்நோய் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள், தவறினால் 24 மணி நேரத்துக்குள் வெளிப்படும். அமுக்கினாலும் அசைத்தாலும் கூடாமல் குறையாமல் ஆழத்தில் குடையும் வலியானால் ஐயம் வலுக்கவேண்டும். வலி தானே தணிந்தாலும் மருத்துவரிடம் போகவேண்டும். கால் மரத்தல், தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை, மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. குமிழ்கள் தண்டுவடத்தையோ நுரையீரலையோ தாக்கியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். தாமதமான சிகிச்சையும் பலருக்குப் பயன் தந்திருக்கிறது. மாதக்கணக்கில் தோளோ இடுப்போ வலித்தால், எலும்பின் ஒரு பகுதியே இரத்த ஓட்டமின்றி மடிந்திருக்கக் கூடும். படம் எடுத்துத்தான் அறிய இயலும்.

சிகிச்சை என்ன? முகமூடி வழியே தூய பிராணவாயு. பின்னர் அழுத்த அறை. அறையில் முதலில் தரப்படும் அழுத்தம் வழக்கமாக அதே பத்துப் பாக ஆழத்துக்குரியது. 'மறுபடி கடலில் முங்கினால் சரியாகுமே' என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். வலி குறையும், ஆனால் மேலும் நைட்ரஜன் ஏறும், நீருக்கடியில் மயங்கினால் காப்பவர் யார்? விமானப் பயணமும் கொடைக்கானல் பயணமும்கூட ஆகாது, அங்கே காற்றழுத்தம் குறைவு.

தொழிலாளியைக் குறை கூறுவது எளிது. கூடுதல் நேரம் அடியில் இருந்தால்தானே கூடுதல் சங்கு? கம்ப்ரசர் வாங்கப் பணம் உண்டென்றால், படகில் ஒரு பிராணவாயு உருளை வைக்கவும் பணம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்கேனும் இவ்வலி வந்தால் துணைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் 'மூட்டு வலி' என்று மட்டும் சொன்னால் மாத்திரை தந்து அனுப்பிவிடக்கூடும். எத்தனை பாகம், எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு மேலே வந்தார், வலி எப்போது தொடங்கியது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.