புதிய நிறுவனத்தின் மின்காரும் ஏழாண்டுக் கடனும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியது 2022 செப்டம்பரில், பிரம்மோற்சவ நாட்களில். மலைப்பாதையின் வளைவுகளில் இவை மூச்சுத் திணறி நின்றுவிடுமோ என்று ஐயுற்றவர்களுள் நானும் ஒருவன். அந்த ஐயம் ஓரிரு மாதங்களிலேயே தீர்ந்தது. ஓசையின்றி ஏறி ஓசையின்றி இறங்கும் அவ்வண்டிகளை இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. மின்வண்டி ஓடுமா என்ற கேள்வி இப்பகுதியில் முடிந்துபோனது. அதைச் செய்த நிறுவனம் நீடித்து ஓடுமா என்பதே இப்போதைய கேள்வி.

சென்ற மாதம் புத்தூரைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வங்கியில் நான் கடன் பிரிவில் இருந்த காலத்திலிருந்தே பழக்கமானவர். ஒரு மின்காரைப் பார்த்து வைத்திருக்கிறார். வரி, பதிவு, காப்பீடு அனைத்தும் சேர்த்துப் பதினைந்து இலட்சம். அந்த நிறுவனத்தின் பெயரை அவர் முதன்முதலாகக் கேட்டதே இரண்டாண்டுகளுக்கு முன்புதான். விற்பனையாளர், “தொண்ணூறு விழுக்காடு கடன், ஏழாண்டுத் தவணை, எல்லாம் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்” என்று கூறிவிட்டார். “சார், வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு வருடம் கழித்து இந்தக் கம்பெனி இருக்குமா?” என்று கேட்டார் ஆசிரியர். வாங்குபவரும் கடன் தருபவரும் ஒருங்கே கேட்கவேண்டிய கேள்வி அது.

புதுமை தன்னளவில் ஒரு குற்றமன்று. இதைத் திருப்பதிக்காரர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1985இல் கல்லா இராமச்சந்திர நாயுடு அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கி, கரகம்பாடியில் தொழிற்சாலையை எழுப்பிய காலத்தில், பேட்டரி என்றாலே நாட்டு மக்கள் வேறொரு பெயரைத்தான் சொன்னார்கள். இன்று அமரான் இல்லாத கார்ப் பட்டறை இல்லை. சீனத்தின் பி.ஒய்.டி. 1995இல் பேட்டரி செய்யப் புறப்பட்ட நிறுவனம். கார்த் தொழிலில் நுழைந்தது 2003இல். தொடக்கத்தில் அதன் கார்களைக் கண்டு நகைத்தவர்கள் பலர். 2023ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் மின்கார் விற்பனையில் டெஸ்லாவையே அது முந்தியது. ஸ்ரீசிட்டியை ஒட்டிய பகுதியில் ஹீரோ நிறுவனம் விடா மின்ஸ்கூட்டர்களைச் செய்கிறது. 2022இல் திருப்பதியில் முனோத் நிறுவனத்தின் லித்தியம் மின்கலத் தொழிற்சாலை ஏறத்தாழ 165 கோடி ரூபாய் முதலீட்டில் இயங்கத் தொடங்கியது. ஆகவே, மின்வண்டித் தொழிலைத் தொலைதூர அதிசயமாக இம்மண்ணில் எவரும் கருதவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஃபிஸ்கர் நிறுவனம் 2023இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்கார்களைத் தயாரித்தது. அழகிய வண்டி என்று பெயரும் வாங்கியது. 2024 ஜூனில் திவால் அறிவிப்புக் கொடுத்தது. பெட்ரோல் கார் நிறுவனம் மூடப்பட்டால் ஊர் மெக்கானிக் எப்படியேனும் வண்டியை ஓட்டிக்கொடுப்பார். இன்றைய மின்காரோ பாதி இயந்திரம், பாதி கணினி. மென்பொருளைத் திருத்தவும் புதிய உதிரி பாகத்தை வண்டி ஏற்கச் செய்யவும் நிறுவனத்தின் சர்வர் வேண்டும். ஃபிஸ்கர் வாங்கியவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, பாகங்களுக்கும் மென்பொருளுக்கும் தாங்களே அலையவேண்டியதாயிற்று.

நமக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு தூத்துக்குடி. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2017இல் பிறந்த நிறுவனம். 2023இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் தொகுதி கார்கள் 999ஐயும், முகப்புத் திரை இருண்டுபோகக்கூடும் என்ற மென்பொருட் குறையால் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. அங்குள்ள விமரிசகர்களும் இரக்கம் காட்டவில்லை. அதே நிறுவனம் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கள் என்ற தொடக்கத் திறனுடன் ஆலையைத் திறந்து, அடுத்த மாதமே வி.எஃப்.6, வி.எஃப்.7 என்னும் இரு வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதல் தொகுதியில் சறுக்கியவர் மூன்றாம் தொகுதியில் தேர்ச்சி பெறலாம். ஆனால் முதல் தொகுதியை நம் பணத்தில் வாங்கி நாம் பரிசோதகர் ஆகவேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். என் கருத்து, வேண்டாம் என்பதே. ஒரு புதிய மாடல் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்த பிறகு வாங்குவது நல்லது.

கட்டுமானத் தரம் என்றவுடன் நாம் கதவைச் சாத்திப் பார்க்கிறோம். அகன்ற திரையைத் தொட்டுப் பார்க்கிறோம். கதவுக்கும் உடற்பகுதிக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உள்ளதா என்று பார்ப்பதும் நல்ல வழக்கமே. ஆலையின் ஒழுங்கு அதில் தெரியும். ஆனால் மின்காரின் உயிர் அதன் அடிவயிற்றில் இருக்கிறது. விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கே, தரைக்கு அரை முழ உயரத்தில் தொங்குகிறது. காட்சியகத்தில் குனிந்து அதைப் பார்க்கும் வாடிக்கையாளரை நான் கண்டதில்லை.

2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புரண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐ.பி.67 என்ற தரக்குறியீடு பெற்ற பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். அரைமணி என்பது சோதனைக்கூடக் கணக்கு. சுரங்கப்பாதையில் ஓர் இரவு முழுவதும் நின்ற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நீரில் நின்றதால் நேர்ந்த சேதத்தைக் காப்பீடு ஏற்குமா, பேட்டரிக்குத் தனிச் சேர்க்கை வேண்டுமா என்பதை வாங்கும் நாளிலேயே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

வெயில் அடுத்த தேர்வு. நாற்பது பாகையைத் தாண்டும் மே மாதத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் முறையே அதன் ஆயுளை முடிவு செய்கிறது. நிசான் போன்ற பழுத்த நிறுவனமே இதில் தவறியது. திரவக் குளிர்விப்பு இல்லாத அதன் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனாப் பாலை வெயிலில் இரண்டாண்டுகளுக்குள் கொள்திறன் இழந்தன. 2012இல் எழுந்த அந்தப் புகாருக்குப் பிறகே, பேட்டரித் திறன் குறைவுக்கும் உத்தரவாதம் தர நிறுவனம் முன்வந்தது. ஆக, ‘பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம்’ என்ற பலகையைக் கண்டால், திறன் எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவீர்கள் என்று கேளுங்கள். விடையில் எண் இல்லையென்றால் அந்த உத்தரவாதத்துக்குப் பொருள் இல்லை.

மலைப்பாதையை வெறும் வேடிக்கையாகக் கொள்ளாமல் கணக்காகவும் பார்க்கலாம். ஆட்களுடன் 1,800 கிலோ எடையுள்ள ஒரு காரை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். உராய்வும் இழப்புகளும் சேர்ந்தால் ஆறு யூனிட் வரை ஆகலாம். நாற்பது யூனிட் பேட்டரிக்கு இது பெரும் சுமையன்று. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் மலைமேல் தங்கி முழுமையாக மின்னேற்றிக்கொண்டு இறங்குபவருக்கு அந்த வசதி தொடக்கத்தில் கிட்டாது, நிறைந்த பேட்டரி மேலும் ஏற்காது. அப்போது இறக்கம் முழுவதும் பிரேக்கை மட்டுமே நம்பவேண்டும். தரமான நிறுவனம் இதை ஓட்டுநருக்குத் திரையில் எச்சரிக்கும். சோதனை ஓட்டத்துக்குச் சமதளச் சாலையைக் காட்டும் விற்பனையாளரிடம் மலைப்பாதைக்கே போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகமே பாதி விடை தந்துவிடும்.

சட்டமும் இப்போது ஓரளவு துணை நிற்கிறது. 2022 கோடையில் மின்ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. மோதல் பாதுகாப்புக்கான பாரத் என்.கேப். மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது. அது கட்டாயமன்று, நிறுவனம் தானாக முன்வந்து செய்வது. எனவே நட்சத்திரங்கள் எத்தனை என்பதற்கு முன், வண்டியைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். 2024இல் நாட்டில் விற்ற நூறு கார்களில் இரண்டு மூன்றுதான் மின்கார்கள். அந்தச் சிறு பங்குக்குள் பழைய நிறுவனங்களும் புதியவையும் நெருக்கியடிக்கின்றன. மின்காருக்கு ஜி.எஸ்.டி. ஐந்து விழுக்காடாகவே தொடர்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி இருபத்தெட்டிலிருந்து பதினெட்டாக இறங்கிவிட்டது. மின்காருக்கு இருந்த விலைச் சாதகம் அந்த அளவுக்குச் சுருங்கியது. புதியவர்கள் எல்லோரும் இதில் பிழைப்பார்கள் என்று நான் எண்ணவில்லை.

ஆசிரியரின் கடனை ஒன்பது விழுக்காடு வட்டியில் கணக்கிட்டுப் பார்த்தோம். பதின்மூன்றரை இலட்சம், ஏழாண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,700 ரூபாய். மூன்றாண்டுகள் தவறாமல் கட்டிய பின்னும் 8.7 இலட்சம் நிலுவையில் நிற்கும். நிறுவனம் தள்ளாடி, வண்டியின் மறுவிற்பனை மதிப்பு பாதியாகச் சரிந்தால் ஏழரை இலட்சம்கூடக் கிடைப்பது அரிது. காரையும் கொடுத்து, ஒன்றேகால் இலட்சத்தைக் கையிலிருந்தும் கொடுக்கவேண்டி வரும். அதே காருக்கு முன்பணமாக மூன்று இலட்சம் செலுத்தி, பன்னிரண்டு இலட்சத்தை ஐந்தாண்டில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் தவணை 24,900 ரூபாய். மூன்றாண்டு முடிவில் நிலுவை ஐந்தரை இலட்சத்துக்கும் குறைவு. மாதம் 3,200 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதில் எவ்வளவு நிம்மதி என்று பாருங்கள்! நான் வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். நீண்ட தவணையில் வங்கிக்குத்தான் வட்டி மிகுதி.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டங்களும் வந்துள்ளன. 2024 செப்டம்பரில் எம்.ஜி. நிறுவனம் வின்ட்சர் காரைக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் பேட்டரி வாடகையுடன் அறிமுகம் செய்தது. தொடக்க விலை குறைவு. பேட்டரி குறித்த அச்சமும் குறைவு. ஆனால் அது கார்க்கடனோடு சேரும் இன்னொரு மாதக் கடமை என்பதைக் குடும்ப வரவு செலவில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பேசும் நானும் ஒருமுறை ஏமாந்தவனே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதிய நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர் வாங்கினேன். பதினான்காம் மாதத்தில் ஊரிலிருந்த சேவை மையம் பூட்டப்பட்டது. உள்ளங்கையளவு சார்ஜர் பலகை ஒன்றுக்காகப் பதினொரு வாரம் காத்திருந்தேன். வண்டி நல்ல வண்டிதான். இன்றும் குறை சொல்லமாட்டேன். சித்தூரில் அதற்கு ஒரு பாகம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

அதனால் ஆசிரியரிடம் ஒரே ஒரு வேலை சொல்லி அனுப்பினேன்: பக்கத்துக் கதவின் கண்ணாடி, முன்பக்க பம்பர், பேட்டரியின் குளிர்விப்புக் குழாய் ஆகிய மூன்றும் இன்று ஆர்டர் செய்தால் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும் என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்கி வாருங்கள். பத்து நாள் கழித்து வந்தார். கண்ணாடியும் பம்பரும் சென்னையிலிருந்து ஒரு வாரத்தில் வருமாம். குழாயைப் பற்றி மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாக எழுதியிருந்தார்கள். முன்பணத்தை இன்னும் கட்டவில்லை என்றார். அந்தப் பதில் வரட்டும் என்று நானும் சொன்னேன்.