முயலைக் குளிப்பாட்டாதீங்க மக்கா!

முயலை பக்கெட்டுல முக்கி ஷாம்பு போடுற ரீல்ஸுக்கு லைக் போடுறதை நிறுத்துவோம். அது முயலுக்குச் சுகமில்லை, பயம். அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போகலாம்.

முயல் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. கொடைக்கானல் மன்னவனூர் மலையிலேயே அரசு ஆராய்ச்சி மையத்தில் முயல் வளர்க்கிறார்கள். ஆனால் குமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழை; நம்ம ஜீன்ஸே காயாது, அடர்ந்த முயல்முடி எப்படிக் காயும்? அழுக்கோடு ஈரமும் சேர்ந்தால் ஈ முட்டையிட்டு, புழு சதையைத் தின்னும்.

முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். விழுங்கிய முடியை அதால் வாந்தியெடுக்க முடியாது. புல்லின் நார்தான் வெளியே தள்ளும். அதனால் வாரம் ஒருமுறை சீவிவிடுங்க, முடி கொட்டும் சமயத்தில் தினமும். அழுக்கு ஒட்டிய இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்க.

முயல் நாறுதா? கழுவ வேண்டியது கூண்டைத்தான்.