மூன்று 'எஸ்' சித்தியுடன் மருந்தாளராகலாமா?

சில மாதங்களுக்கு முன்பு சம்பூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் தம் மகனோடு எம்மிடம் வந்தார். கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மகனின் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு. முதல் தடவை இரசாயனவியலில் தவறியவன், இரண்டாம் தடவை மூன்று பாடங்களிலும் 'எஸ்' எடுத்திருந்தான். மற்றது நகரில் யாரோ கொடுத்த துண்டுப்பிரசுரம். சில மாதங்களில் பாமசி டிப்ளோமா, உடனடி வேலை என்று அதில் இருந்தது. "காப்பை அடகு வைத்தாவது கட்டிப்போடலாம். இவனுக்கு இது சரிவருமா? நீங்களே சொல்லுங்கோ" என்றார் அந்தத் தாய்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் வெருகலிலும் ஒவ்வோர் ஆண்டும் பெறுபேறு வெளிவந்ததும் பல வீடுகளில் எழுகின்ற கேள்வி இது. ஆகவே எமது கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த மூன்று 'எஸ்' எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். இந்தப் பிள்ளை 2006இல் கைக்குழந்தை. அவ்வாண்டு சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான். அதாவது இவன் எழுத்துப் படித்ததும் வாய்ப்பாடு மனனம் செய்ததும் தகரக் கொட்டிலில். உயர்தர வகுப்பில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் வருவதும் போவதுமாக இருந்தார் என்றான். தனியார் வகுப்புக்கு நகரத்துக்குப் போய்வரப் பஸ் காசு வீட்டில் இல்லை. இத்தகைய பிள்ளையின் பெறுபேறு அவனுடைய மூளையை மட்டும் அளப்பதில்லை; அவன் வாழ்ந்த இடத்தையும் சேர்த்தே அளக்கிறது. பல்கலைக்கழக அனுமதி முறையும் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடங்கள் பகிரப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது.

ஆனால் இதோடு நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மருந்துக்கு இடம்பெயர்வு தெரியாது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். எட்டுக் கிலோ நிறையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் ஒரு தேக்கரண்டி போதும். அதே மருந்து சொட்டு மருந்தாக வரும்போது ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். அதிலும் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 500 மில்லிகிராம்; வேண்டியதைவிட நான்கு மடங்குக்கும் மேல். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற் குளிசை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. அதைத் தினமும் எடுக்கும்படி யாராவது உறையில் எழுதிவிட்டால் நோயாளி இறந்தும் போகலாம்.

இந்த இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது என்ன? பெருக்கல், வகுத்தல், லேபலை ஆறுதலாக வாசித்தல், சந்தேகம் வந்தால் வைத்தியரைக் கேட்கும் துணிவு. இவை சாதாரண தரக் கணிதமும் நல்ல பழக்கமுந்தான். பிரித்தானியாவில் மருந்தாளராகப் பதிவு பெறும் பரீட்சையில் கணக்கிடலுக்கென்றே தனியாக ஒரு வினாத்தாள் உண்டு. அதில் தவறினால் மற்ற வினாத்தாளில் எவ்வளவு எடுத்தாலும் பதிவு இல்லை. இந்தத் தொழிலின் உயிர்நாடி எது என்பதை இதிலிருந்து அறியலாம். எனவே "பெறுபேறு குறைவு, ஆகவே வேண்டாம்" என்பதும் தவறு. "குளிசை எண்ணிக் கொடுக்கிற வேலைதானே, யாரும் செய்யலாம்" என்பதும் தவறு. குறைவான பெறுபேற்றைத் திருத்தலாம். திருத்தாமல் கவுண்டரில் போய் நிற்பதுதான் கூடாது.

இனி வழிகளைப் பார்ப்போம். இலங்கையில் ஒருவர் மருந்தாளராகத் தொழில் செய்வதற்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். மருந்தகத்துக்கு அனுமதிப்பத்திரம் பெறவும் பதிவு பெற்ற மருந்தாளர் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இதைக் கவனிக்கிறது. அந்தப் பதிவுக்குக் கொண்டுபோகும் பாதைகள் மூன்று.

முதலாவது பட்டப்படிப்பு. கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் இது உண்டு. மூன்று 'எஸ்' எடுத்தவருக்கு இந்த வாசல் திறப்பது மிகக் கடினம். ஆனால் அனுமதிக்காக மூன்று தடவை பரீட்சை எழுதலாம். இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு தடவை இருக்கிறது. இரண்டாவது, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி ஆட்சேர்த்துப் பயிற்றும் வழி. மூன்றாவது, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் முறைப்படி பயிலுநராகச் சேர்ந்து, பின்னர் இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் பரீட்சையில் சித்தியடையும் வழி. நீண்ட வழிதான். ஆனால் வீட்டுக்குக் கிட்ட இருந்துகொண்டே நடக்கக்கூடிய வழி. வெளிநாட்டுப் பட்டம் என்றால், காசு கட்டுமுன்னரே அதை இலங்கை மருத்துவ சபை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தை நாம் இரண்டு தடவை வாசித்தோம். பதிவு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இவ்வாறான குறுகிய கற்கை மருந்தகத்தில் உதவியாளராக நிற்க ஓரளவு உதவலாம். ஆனால் அது மருந்தாளராக்காது. பல வீடுகள் இதை அறியாமலே காப்பையும் தோட்டையும் அடகு வைக்கின்றன. பிறகு அந்தப் பிள்ளை பத்து வருடம் கவுண்டரில் நின்றாலும் உதவியாளன்தான். சுவரில் வேறொருவரின் சான்றிதழ் தொங்கும். சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருப்பார். பிழை நடக்கும் நாளில் நோயாளிக்கு முன்னால் நிற்பது இந்தப் பிள்ளை. இப்படியான ஏற்பாடு எங்கு நடந்தாலும் அது களவு என்றே நாம் சொல்வோம். அதற்குத் துணைபோகும்படி எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை அனுப்பக்கூடாது.

அப்படியானால் அந்தத் தாய்க்கு நாம் சொன்னது என்ன? காப்பை அடகு வைக்க வேண்டாம் என்றோம். மகனிடம் ஆறு மாதம் தவணை கேட்டோம். சாதாரண தரக் கணிதத்தில் விகிதம், வீதம், அலகு மாற்றம் ஆகியவற்றைத் திரும்பப் படிக்க வேண்டும். இரசாயனவியலை முதல் அலகிலிருந்து தொடங்க வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் வரும் ஆங்கிலத் தாளில் நாளுக்கு ஒன்றை அகராதியோடு வாசிக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளர் உண்மையாகவே இருக்கின்ற மருந்தகம் ஒன்றில் கிழமையில் சில நாட்கள் நின்று பார்க்க வேண்டும். ஆறு மாத முடிவில் இருபது அளவுக் கணக்குகளில் இருபதையும் சரியாகச் செய்ய முடிந்தால், இந்தத் தொழில் அவனுக்கு உரியது; மூன்றாம் தடவைப் பரீட்சையும் எழுதட்டும், பயிலுநராகச் சேரும் வழியையும் பார்க்கட்டும். முடியாவிட்டால், அல்லது மனம் ஒட்டாவிட்டால், வெட்கப்படாமல் வேறு தொழிலைத் தேடட்டும். துறைமுகப் பட்டினத்தில் கைத்தொழில் தெரிந்தவனுக்கு மரியாதை உண்டு. பதினெட்டுச் சரியாக வந்தால் போதாதா என்று பையன் கேட்டான். மிச்சம் இரண்டும் யாருடைய குழந்தைகள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவன் பேசாமல் தலையசைத்தான்.

எமது ஊர்களுக்கு நல்ல மருந்தாளர்கள் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். பேராசிரியர் சேனக்க பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் உருவாக்கத்துக்கு வழிகாட்டியபோது, மருந்தின் வணிகப் பெயரை விட்டுப் பொதுப் பெயரைப் பயன்படுத்தும் கொள்கையை முன்வைத்தார். ஏழைக்கும் மருந்து எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2022இல் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அதன் அருமையை நாம் கண்டோம். கேட்ட பெயரில் மருந்து இல்லாதபோது, அதே மருந்து வேறு பெயரில், குறைந்த விலையில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் மருந்தாளர். ஈச்சிலம்பற்றிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ பஸ் ஏறி நகரத்துக்கு வந்து வெறுங்கையோடு திரும்புகின்ற மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது! அதைத் தமிழில், ஆறுதலாக, ஊர்க்காரர் ஒருவரே சொல்வது இன்னும் பெரியது.

ஆகவே இது பிள்ளையின் முயற்சியால் மட்டும் ஆகும் காரியமல்ல. ஓய்வுபெற்ற மருந்தாளர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் தரலாம். நகரத்து மருந்தக உரிமையாளர்கள் கிராமத்துப் பிள்ளை ஒருவரைக் கூலியாளாக அல்லாமல் முறையான பயிலுநராகச் சேர்க்கலாம். வர்த்தமானி அறிவித்தலும் பரீட்சை விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுவதால், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அவற்றைத் தேடி எடுத்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டலாம். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

அந்தத் தாயின் காப்பு இப்போதும் அவர் கையில்தான் இருக்கிறது. மகன் கணக்குக் கொப்பியோடு எம்மிடம் வந்து போகிறான். சென்ற கிழமை இருபதில் பதினேழு. இன்னும் மூன்று இருக்கிறது.