காசைப் படித்தவரே முடிவெடுக்கட்டும்

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் அணாக் கணக்கு முடிந்து நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று வாய்ப்பாடு படித்த சிறுவர்களின் கண்ணெதிரே, கையில் புழங்கிய காசெல்லாம் மெல்ல மெல்லச் செல்லாக்காசானது. ஓட்டைக் காலணாவையும் ஓரம் வளைந்த ஓரணாவையும் தூக்கி எறிய மனமில்லாமல் டப்பாவில் போட்டு வைத்த தலைமுறை அது. அதிலிருந்து நாணயச் சேகரிப்பாளர்கள் பலர் உருவானார்கள். அவர்கள் இன்று எழுபதைத் தாண்டி எண்பதைத் தொட்டுவிட்டார்கள். பிள்ளைகள் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார்கள். பீரோவில் ஆல்பங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இத்தனையையும் என்ன செய்வது? விற்றுவிடலாமா, பிள்ளைகளுக்கே விட்டுவிடலாமா, அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் அந்த முடிவை யார், எப்போது எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேர்த்தவர்தான் எடுக்க வேண்டும். காசில் உள்ள எழுத்தைத் தன் கண்ணால் படிக்க முடிகிற காலத்திலேயே எடுக்க வேண்டும். அதற்கு முன்பாக, ஒவ்வொரு காசைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததை எழுதி முடிக்க வேண்டும்.

ஏன் அவரே முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இரண்டு வெள்ளி ரூபாய்களே போதும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1911-ஆம் ஆண்டு ரூபாயையும் 1912-ஆம் ஆண்டு ரூபாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எடை, 11.66 கிராம். இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி. மன்னர் அணிந்திருக்கும் அங்கியில் சின்னஞ்சிறு யானை ஒன்று உண்டு. 1911 காசில் அந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவருக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்ப்பு எழுந்ததும் அரசு அந்தக் காசுகளில் பெரும்பகுதியை உருக்கியது. யானையைத் திருத்தி மறு ஆண்டு வெளியிட்டது. தப்பிப் பிழைத்த 1911 காசுகளைத்தான் சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்று தேடி வாங்குகிறார்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இன்னும் அரிது. பழைய வெள்ளித் தரம் அந்த ஆண்டோடு முடிந்தது. 1940-இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1939 என்று பொறித்த நல்ல காசு மிக அரிதாகவே கண்ணில் படும் என்பதால் போலிகளும் உலவுகின்றன. இந்த வித்தியாசம் எதுவும் தராசுக்குத் தெரியாது. 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட காலத்தில், விவரம் அறியாத வாரிசு ஒருவர் தாத்தாவின் வெள்ளிக் காசுகளைப் பையோடு எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனால் எல்லாம் ஒரே எடையாகத்தான் நிறுக்கப்படும், ஒன்றாகத்தான் உருக்கப்படும்.

வெள்ளிக்காவது உருக்கு விலை உண்டு. செம்புக் காசுக்கு அதுவும் இல்லை. சங்க காலப் பாண்டியர் காசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சதுரச் செம்புத் துண்டு, ஒருபக்கம் யானை, மறுபக்கம் கோடுகளாகச் சுருங்கிய மீன், மேலே ஈராயிரம் ஆண்டுகளின் பச்சைக் களிம்பு. சேகரித்தவருக்கு அந்தக் களிம்புதான் காசின் தோல்; பழமைக்குச் சாட்சி. வீட்டில் உள்ளவர்களுக்கு அது அழுக்கு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் களிம்போடு சேர்ந்து மங்கலாக இருந்த எழுத்தும் போய்விடும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டு மறந்துவிட்டாலும் உறையிலிருந்து கசியும் ரசாயனம் பிசுபிசுப்பான பச்சைப் படிவமாகக் காசை அரிக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். சும்மா வைத்திருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. கவனிக்க ஆளில்லாத தொகுப்பு கெட்டுக்கொண்டேதான் இருக்கும்.

காசைவிட வேகமாக அழிவது காசைப் பற்றிய தகவல். தமிழக வரலாற்றில் இதன் விலை மிகப் பெரியது. சங்ககால மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டதற்குச் சான்று இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1980-களில் நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு வெளியிட்ட பிறகே அந்தக் கருத்து உடைந்தது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் மணல் சலித்தவர்கள் கைக்கு வந்த காசுகளில்தான் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்ற சேரர் பெயர்கள் கிடைத்தன. இவை முறையான அகழாய்வுக் குழியில், இந்த மண்ணடுக்கு, இந்த ஆழம் என்று பதிவாகிக் கிடைத்தவை அல்ல. ஆற்றில் எடுத்தவர் வியாபாரியிடம் கொடுத்தார், வியாபாரி சேகரிப்பாளரிடம் கொடுத்தார். எனவே எங்கே கிடைத்தது, எந்த ஆண்டு, யார் மூலம், கூடவே வேறென்ன கிடைத்தது என்ற தகவல் சேகரிப்பாளரின் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. பல நேரங்களில் குறிப்பேட்டில்கூட இல்லை, அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் போனால் கரூர்க் காசு வெறும் 'பழைய காசு' ஆகிவிடும். அதை மீட்க எந்த ஆய்வாளராலும் முடியாது.

எழுதிவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதே ஆண்டே அவை அரசர் வாரியாக எண்ணிப் பட்டியலிடப்பட்டு ஆய்விதழில் வெளிவந்தன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்ததும் அப்போதே பதிவானது. அந்த வெட்டு எதற்காக என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்க முடிவது அந்தப் பட்டியலால்தான். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகளைப் பற்றிய தன் நூலை 1886-இல், பார்வை பெரிதும் மங்கிய முதுமையில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே காலமானார். அவர் அதைத் தள்ளிப்போட்டிருந்தால் பின்னால் வந்தவர்கள் பலவற்றை முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

எழுதி முடித்த பிறகு, விற்பதில் என்ன தவறு? காசு சேர்ப்பவர்கள் பலருக்கு விற்பனை என்ற சொல்லே துரோகமாகப் படுகிறது. ஆனால் அவர்கள் தொகுப்பில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு காசும் வேறொருவர் விற்றதால்தான் அவர்களிடம் வந்தது. விற்பனை என்பது தொகுப்புகள் உருவாகும் வழி. கேள்வி, அந்த விற்பனை அறிவோடு நடக்கிறதா, அறிவின்றி நடக்கிறதா என்பதுதான். எகிப்தின் ஃபரூக் மன்னர் உலகின் பெரிய நாணயத் தொகுப்புகளில் ஒன்றை வைத்திருந்தார். 1952-இல் அவர் அரியணை இழந்தார். 1954-இல் கெய்ரோவில் அந்தத் தொகுப்பு ஏலத்துக்கு வந்தபோது, அரிய காசுகள் போதிய விவரமின்றிக் குவியல் குவியலாக ஒரே லாட்டில் போயின. விவரம் தெரிந்த ஒருசிலரே ஆதாயம் பார்த்தார்கள்; அமெரிக்காவில் கோடாக் நிறுவனப் பொறியாளராக இருந்த ஜான் பிட்மேன் அவர்களில் ஒருவர். இதற்கு நேர் எதிர் எரிக் நியூமன். 1911-இல் பிறந்த இந்த அமெரிக்க ஆய்வாளர், நூறு வயதைக் கடந்த பிறகு 2013 முதல் தன் தொகுப்பைத் தன் காலத்திலேயே ஏலத்தில் விற்கத் தொடங்கினார். ஒவ்வொரு காசும் அதன் வரலாற்றோடு பட்டியலானது. கிடைத்த பணம் நாணயவியல் கல்விக்குப் போயிற்று. அதில் உருவான இணைய நூலகத்தை இன்று யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். காசுகள் பலர் கைக்குப் போயின. அறிவு ஒரே இடத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதே சிறந்தது என்பார் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அருங்காட்சியகத்தின் தேவையும் சேகரிப்பாளரின் ஆசையும் ஒன்றல்ல. டென்மார்க்கின் வெண்ணெய் வணிகர் லார்ஸ் எமில் புரூன் 1923-இல் இறந்தார். நாட்டின் அரச நாணயத் தொகுப்புக்கு ஆபத்து நேர்ந்தால் ஈடாக இருக்கட்டும் என்று, தன்னுடைய ஏறத்தாழ 20,000 காசுகளை நூறாண்டு விற்காமல் வைத்திருக்க உயில் எழுதினார். காலக்கெடு முடிந்து 2024-இல் விற்பனை தொடங்கியது. அதற்கு முன் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது ஏழே ஏழு காசுகள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும். அங்கு ஏற்கெனவே ஏராளமாக உள்ள கிழக்கிந்தியக் கம்பெனிக் காசை இன்னொரு மூட்டை கொடுப்பதால் வரலாறு வளராது. கண்டெடுத்த இடம் தெரிந்த ஒரே ஒரு எழுத்துப் பொறித்த காசு, குறிப்போடும் படத்தோடும் போய்ச் சேர்ந்தால் வளரும். அரியதைப் பொதுச் சொத்தாக்குங்கள். மீதியை அடுத்த சேகரிப்பாளருக்கு விடுங்கள்.

பேரப் பிள்ளைகளுக்கு நாளை ஆர்வம் வரலாமே என்பது அடுத்த வாதம். வரலாம். ஆர்வம் தானாக வருவது. ஆல்பங்களைச் சாவியோடு ஒப்படைப்பதால் வருவதில்லை. பத்து காசுகளை எடுத்து அவற்றின் கதையைச் சொல்லிக் கொடுங்கள். கேட்ட பிள்ளை பதினோராவதைக் கேட்டால் வாரிசு கிடைத்துவிட்டார். கேட்காவிட்டால் அந்தப் பத்தும் குடும்ப நினைவாக இருக்கட்டும். மூவாயிரம் காசுகளை அவர் தலையில் கட்டுவது அன்பாகாது. பொறுத்திருந்தால் விலை ஏறும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலை ஏறலாம், இறங்கலாம். ஆனால் பேரம் பேசும் திறமை வயதோடு ஏறுவதில்லை. விவரம் அறியாத கைக்குத் தொகுப்பு போன அன்றே அதன் விலை சரிந்துவிடுகிறது.

ஏமாற்றப்படுவோம் என்ற அச்சம் நியாயமானது. ஐந்து ரூபாய் வைஷ்ணவ தேவி காசுக்குப் பல லட்சம் தருகிறோம் என்ற விளம்பரங்கள் கைப்பேசியில் சுற்றுகின்றன; கட்டணம், கமிஷன், வரி என்று முன்பணம் பறிப்பதுதான் அவற்றின் நோக்கம். பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தங்கள் பெயரைப் பயன்படுத்துவோரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். நாணயச் சங்கங்களின் கூட்டங்களிலும் கண்காட்சிகளிலும் இரண்டு மூன்று பேரிடம் மதிப்பு கேளுங்கள். அரியவற்றை அச்சிட்ட பட்டியலோடு நடக்கும் ஏலத்துக்கு அனுப்புங்கள். சட்டத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு ஏல விலையைக் காட்டி ஆசை காட்டுபவர் உங்களைச் சிக்கலில்தான் மாட்டிவிடுவார்.

எல்லாவற்றிலும் கனமான தயக்கம் ஒன்று உண்டு. பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கிடைத்த இடத்தை எழுதினால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் தங்கள் மீது பாயுமோ என்ற பயம் அது. நிலத்திலிருந்து எடுத்ததை மறைத்தவர் பயப்பட வேண்டியதுதான். ஆனால் பல்லாண்டுகளுக்கு முன் கடையில் காசு கொடுத்து வாங்கியவருக்கு, எப்போது, யாரிடம் வாங்கினோம் என்ற குறிப்பே பாதுகாப்பு. இங்கே அரசுக்கும் கடமை இருக்கிறது. இங்கிலாந்தில் 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைத் தாமாக முன்வந்து பதிவு செய்யும் திட்டம் நடக்கிறது. அலுவலர் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, புதையல் என்ற வகையில் வராத பொருளைத் திருப்பித் தருகிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இப்படிப் பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இதைப்போல ஒன்றை, முதல்கட்டமாக மூத்த சேகரிப்பாளர்களின் பழைய தொகுப்புகளுக்காவது தொடங்க வேண்டும். காசைக் கேட்க வேண்டாம். படத்தையும் எடையையும் நினைவையும் கேட்டு வாங்கினால் போதும். கீழடிக்கும் பொருநைக்கும் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

பிரிவது கடினம் என்பதை மறுக்கவில்லை. அரை நூற்றாண்டுக் காலச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மதுரைக்கும் கரூருக்கும் திருக்கோவிலூருக்கும் அலைந்து சேர்த்தது ஒருவர் வாழ்க்கையின் பெரும்பகுதி. அதனால்தான் ஒரே நாளில் விற்கச் சொல்லவில்லை. இந்த மாதம் ஒரு ஆல்பத்தை எடுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண், எடை, இருபுறப் படம், வாங்கிய இடம், ஆண்டு, கொடுத்த விலை, விற்றவர் சொன்ன செய்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். கை நடுங்கினால் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். எவை விற்பனைக்கு, எவை அருங்காட்சியகத்துக்கு, எவை குடும்பத்துக்கு என்று அதே நோட்டில் குறியுங்கள். நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் இருவருக்காவது சொல்லுங்கள். அதன் பிறகு விற்றாலும் சரி, கொடுத்தாலும் சரி, கடைசிவரை வைத்துக்கொண்டாலும் சரி. எழுதாமல் விட்டுப் போவது மட்டும் சரியில்லை. அந்த இழப்பு உங்கள் குடும்பத்தோடு நிற்காது, தமிழர் வரலாற்றின் கணக்கிலும் விழும்.